புணேயில் எச்.ஐ.வி. தடுப்புக் கல்வி: வெளிநாட்டுத் தொண்டர்களின் இடம் எது?

கல்வியை முடித்த இளைஞர்கள் சில மாதங்களையோ ஓரிரு ஆண்டுகளையோ வேறொரு நாட்டு மக்களின் பணிக்கென ஒதுக்குவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவிய வழக்கமாகும். பிரிட்டனின் வெளிநாட்டுத் தன்னார்வப் பணி அமைப்பு 1958-இல் தோன்றியது. அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ 1961-இல் தொடங்கப்பெற்று, 1976 வரை இந்தியாவிலும் செயல்பட்டது. ஐக்கிய நாடுகளின் தொண்டர் திட்டத்துக்கு அதன் பொதுச்சபை 1970-இல் ஒப்புதல் அளித்தது. அந்நாள்களில் நம் கிராமங்களுக்கு வந்த அயல்நாட்டு இளைஞர்கள் பலர் கோழி வளர்ப்பு, வேளாண்மை போன்ற துறைகளில் பணியாற்றினர். கோழிக்குஞ்சைப் பேணும் முறையைக் கையால் செய்து காட்டிவிடலாம். மொழி குறைவாகத் தெரிந்தாலும் கண்டவர் கற்றுக்கொள்வர்.

எச்.ஐ.வி. தடுப்புக் கல்வி அத்தகையதன்று. கணவனும் மனைவியும்கூடத் தமக்குள் பேசத் தயங்கும் செய்திகளை அது பேச வேண்டியுள்ளது. நோய் இருப்பதைப் பிறர் அறிந்தால் வீடும் வேலையும் போய்விடுமோ என்று அஞ்சும் மனிதரின் நம்பிக்கையை அது பெற்றாக வேண்டும். இத்தகைய பணியில், மொழியும் தெருவும் அறியாத ஒருவர் ஆற்றக்கூடிய தொண்டு யாது? இவ்வினாவுக்கு விடை காண ஏற்ற நகரம் மகாராஷ்டிரத்தின் புணே ஆகும். இந்நோயின் வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு. வெளிநாட்டுத் தொண்டர்கள் நாடி வரும் நகரமாகவும் அது இருந்து வந்துள்ளது.

புணேயின் நிலை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நடந்த இரத்தப் பரிசோதனைகள் அதனை வெளிப்படுத்தின. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதற்கட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், புணேயை அடுத்த போசரியில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அந்நிலையம் அண்மையில் பெயர் மாற்றம் பெற்று, வைரஸ் ஆய்வின் விரிந்த எல்லைகளையும் தன் பணியில் சேர்த்துக்கொண்டுள்ளது.

புணே தொழில் நகரம்; இராணுவப் பாசறைகள் அமைந்த நகரம்; நாடெங்கிலுமிருந்து மாணவர்களும் கூலி வேலை தேடுவோரும் வந்து சேரும் நகரம். அதன் பழைய கடைவீதிகளின் நடுவே அமைந்த புத்வார் பேட்டையில், பாலியல் தொழிலை வாழ்வாகக் கொண்ட பெண்கள் திரளாக வாழ்கின்றனர். நோய் பரவத் தொடங்கிய நாளில், அது இப்பெண்களையும் அவர்களை நாடிச் செல்வோரையும் மட்டும் சார்ந்தது என்ற எண்ணமே பொதுமக்களிடம் மேலோங்கியிருந்தது.

அவ்வெண்ணத்தைத் தகர்த்தது புணேயில் நடந்த ஓர் ஆய்வாகும். 1993 முதல் 1996 வரை நகரின் பால்வினை நோய் மருத்துவ மையங்களுக்கு வந்த 916 பெண்கள் அதில் பரிசோதிக்கப்பட்டனர். பாலியல் தொழிலில் ஈடுபட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. அத்தொழிலில் ஈடுபடாத பெண்களிடமும் நூற்றுக்கு 13-க்கு மேற்பட்டோருக்குத் தொற்று காணப்பட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் திருமணமானவர்கள். கணவனைத் தவிர வேறெவரையும் அறியாதவர்கள். 1997-இல் வெளியான இந்த முடிவு, தடுப்புக் கல்வி புத்வார் பேட்டையோடு நின்றுவிட முடியாது, ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலுக்கும் செல்ல வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியது.

சொல்ல வேண்டிய செய்தி

எச்.ஐ.வி. பரவும் வழிகள் நான்கு. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பகிர்ந்துகொள்ளும் ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுதல் என்பன அவை. தொடுவதாலும், உடன் உண்பதாலும், ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதாலும், கொசுக்கடியாலும் அது பரவாது. ஆணுறையை முறையாகப் பயன்படுத்துவது சிறந்த தடுப்பாகும். இவை யாவும் இன்று பாடநூல்களிலும் இடம்பெறும் செய்திகளே.

ஆயினும் இக்கல்வியின் உள்ளடக்கம் காலத்தோடு மாறியுள்ளது. தொடக்க ஆண்டுகளில் மருந்து இல்லை; இருந்த மருந்தும் ஏழைகளுக்கு எட்டவில்லை. எனவே அச்சுறுத்தும் சுவரொட்டிகளே பிரசாரத்தின் கருவியாயின. மண்டை ஓடும் எலும்பும் வரைந்த படங்கள் நோயைப் பற்றிய அச்சத்தோடு நோயாளியைப் பற்றிய அச்சத்தையும் வளர்த்தன. 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படலாயிற்று. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. இச்சிகிச்சை பின்னர் நாடெங்கும் விரிவடைந்தது. 2017 முதல், தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் உடனடியாகச் சிகிச்சை தொடங்குவது அரசின் கொள்கையாக உள்ளது.

இம்மாற்றத்துக்கு அடிப்படையான ஆய்வில் புணேயும் சென்னையும் பங்கு பெற்றன. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் இவ்வாய்வு நடந்தது. அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தது, மற்றவருக்கு இல்லை. முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் இவ்வாய்வு காட்டியது. தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட உண்மையாகும்.

ஆகவே இன்றைய செய்தி அச்சத்தைச் சார்ந்ததன்று. பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; தொற்று இருந்தால் மருந்தைத் தொடங்குங்கள்; இடையில் நிறுத்தாதீர்கள் என்பதே அது. இதை ஒரு முறை மேடையில் சொல்லிவிட்டு அகல முடியாது. மருந்தை நிறுத்திய ஒருவரைத் தேடிச் சென்று, காரணம் கேட்டு, மீண்டும் மையத்துக்கு அழைத்துவர வேண்டும். ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் பணி இது.

தெருவின் சொந்தக்காரர்கள்

இப்பணியை யார் செய்வது என்னும் கேள்விக்கு இந்தியா கண்ட விடை சிறப்பானது. கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலில் உள்ள பெண்களையே பயிற்றுவித்து, தம் தோழியருக்குக் கற்பிப்போராக அமர்த்தியது. ‘சகக் கல்வியாளர்’ என்று நாம் இன்று குறிப்பிடுவது இவர்களைத்தான். இம்முறை பின்னர் தேசியத் திட்டத்தின் தூணாயிற்று. பாலியல் தொழிலாளரிடையே ஏறத்தாழ 60 பேருக்கு ஒரு சகக் கல்வியாளர் என்ற அளவை அத்திட்டம் வகுத்தது. அவர்களுக்கு மேலே களப்பணியாளர்களும் ஆலோசகரும் உள்ளனர்.

புணேயின் புத்வார் பேட்டையில் பாலியல் தொழிலாளரின் கூட்டமைப்பான ‘சஹேலி சங்கம்’ 1998-இல் உருவாயிற்று. சஹேலி என்ற சொல்லுக்குத் தோழி என்பது பொருள். அத்தகைய அமைப்பைச் சார்ந்த சகக் கல்வியாளருக்கு, எந்த மாடியில் யார் புதிதாக வந்திருக்கிறார், எவருக்குக் காய்ச்சல், எந்த நேரத்தில் சென்றால் பேச முடியும், எந்த நேரத்தில் சென்றால் பிழைப்புக்கு இடையூறாகும் என்பவை தெரியும். ஆணுறை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவர் தம் வாழ்விலேயே கற்ற பாடம். இந்த அறிவைப் பட்டமோ பயணச்சீட்டோ பெற்றுத் தராது.

வெளிநாட்டுத் தொண்டர் எதைச் செய்யலாம்?

புணே இரயில் நிலையத்தை ஒட்டிய தாடிவாலா சாலைக் குடிசைப் பகுதியில் 1975-இல் ஒரு மருத்துவமனையாகத் தொடங்கிய ‘தீப கிருஹா’ என்னும் தொண்டு நிறுவனம், வெளிநாட்டுத் தொண்டர்களை வரவேற்றுப் பணியில் ஈடுபடுத்தும் அமைப்புகளுள் ஒன்று. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கென ‘திசா’ என்ற பிரிவை அது நடத்தியது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், பல தொண்டு நிறுவனங்களைச் சேர்த்து நகர அளவில் ‘வேக் அப் புணே’ என்ற விழிப்புணர்வு இயக்கத்தையும் முன்னின்று நடத்தியது.

இத்தகைய நிறுவனங்களுக்கு வரும் தொண்டர் பயனுடன் செய்யத்தக்க பணிகள் பல. அறிக்கைகளும் நிதி விண்ணப்பங்களும் தயாரித்தல், பதிவேடுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் முறையை அமைத்தல், படங்களும் விளையாட்டுகளும் கொண்ட பயிற்சிக் கருவிகளை உள்ளூர் ஊழியரோடு சேர்ந்து உருவாக்குதல், ஆங்கிலம் வழங்கும் கல்லூரிகளிலும் தொழில் நிறுவனங்களிலும் கருத்தரங்குகளுக்கு உதவுதல் ஆகியவை இவற்றுள் அடங்கும். மருத்துவம், செவிலியர் பணி, கணக்கு, ஒளிப்பட வடிவமைப்பு போன்றவற்றில் தேர்ச்சி பெற்றவர், அத்தேர்ச்சியை நிறுவன ஊழியர் ஒருவருக்குக் கற்பித்துச் சென்றால் அது நிலையான கொடையாகும்.

செய்யத்தகாதவையும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது வீடு தேடிச் செல்லும் பணி. குடிசைப் பகுதியில் அண்டை வீடுகளுக்கு இடையே ஒரு சுவரே தடுப்பு. அங்கே அயல்நாட்டு முகம் ஒன்று குறிப்பிட்ட ஒரு வீட்டின் வாயிலில் அடிக்கடி நின்றால், தெருவே காரணம் தேடும். அவர் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறார் என்பது தெரிந்த பின், அவ்வீட்டில் என்ன நோய் என்பதும் தெரிந்துவிடும். தொண்டர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருடைய வருகையே பேசிவிடுகிறது. உள்ளூர்ப் பெண் ஒருவர் காய்கறிப் பையோடு சென்று வந்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஆலோசனை கூறும் பணி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் வழங்கப்படும் ஆலோசனை மராத்தியிலோ, வந்தவரின் தாய்மொழியிலோ அமைய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையே அமர்ந்தால், இருவர் அறிய வேண்டியதை மூவர் அறிகின்றனர். மூன்றாவது, ஒளிப்படம் எடுத்தல். ஊர் திரும்பிய தொண்டர் நல்லெண்ணத்தோடு நண்பர்களுக்குக் காட்டும் படம், இணையத்தின் வழியே அதே தெருவுக்குத் திரும்பி வர ஒரு நொடி போதும்.

சட்டம் சொல்வது

இவை வெறும் நாகரிக நெறிகள் அல்ல. 2017-இல் நிறைவேற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுடன் வாழ்வோருக்கு வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. விவரம் அறிந்து தந்த ஒப்புதல் இன்றிப் பரிசோதனை செய்தல் கூடாது. சட்டம் வகுத்த விலக்குகள் தவிர, ஒருவரது தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதும் கூடாது. முறையீடுகளை விசாரிக்க மாநில அரசுகள் குறைதீர்ப்பாளரை அமர்த்த வேண்டும். சம்பளம் பெறும் ஊழியரைப் போலவே, சம்பளம் பெறாத விருந்தினரும் இந்நெறிக்கு உட்பட்டே நடக்க வேண்டும்.

நுழைவு விதிகளையும் அதிகாரிகள் கருத வேண்டும். ஊதியம் ஏதுமின்றி ஒரு மாதத்துக்கு மேற்படாத குறுகிய காலத் தொண்டு புரிவோருக்கு மின்னணுச் சுற்றுலா விசாவில் இடமளிக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் நீண்ட காலம் மதிப்புறு பணியாற்ற வருவோருக்கு, அந்நிறுவனத்தின் பெயர் குறித்த வேலை விசா வழங்கப்படுகிறது. ஒரு மாதம் தங்குவோரை நோயாளிகளோடு நேரடித் தொடர்புள்ள பணியில் அமர்த்துவது பொருத்தமன்று. அறிமுகம் பழகி நம்பிக்கையாவதற்குள் அவர் விடைபெற்றுச் சென்றுவிடுவார். ஏற்கெனவே உறவினரால் கைவிடப்பட்ட ஒருவருக்கு அது மேலும் ஒரு பிரிவாக அமையும்.

வருவோரும் நிற்பதும்

தனித் தொண்டருக்குப் பொருந்தும் இவ்வுண்மை வெளிநாட்டு நிதிக்கும் பொருந்தும். கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் தொடங்கிய ‘ஆவஹான்’ திட்டம், மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் உட்பட ஆறு மாநிலங்களில் நடைபெற்றது. பின்னர் அப்பணிகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. மாற்றத்துக்கு முன்பே திட்டமிட்டதால் களத்தில் பணி தொடர முடிந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி 2025 ஜனவரியில் நேர்ந்தது. அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, அவ்வுதவியால் நடந்த திருநங்கையர், திருநம்பியருக்கான ‘மித்ர’ மருத்துவ மையங்கள் மூன்று மூடப்பட்டன. ஐதராபாதிலும் தானே மாவட்டத்துக் கல்யாணிலும் இருந்தவற்றோடு புணேயில் இருந்ததும் அவற்றுள் ஒன்று. பொது மருத்துவமனைகளில் ஏளனத்துக்கு அஞ்சி அங்கே வந்தவர்கள் கதவு மூடியிருக்கக் கண்டனர். ஐதராபாத் மையம் பின்னர் உள்நாட்டு அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு வேறு பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது.

நாட்டின் பொதுத்திட்டம் இவ்வதிர்ச்சியைத் தாங்கியதற்குக் காரணம், அதன் செலவை மத்திய அரசே ஏற்றிருந்ததாகும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு ரூ. 15,471.94 கோடி ஒதுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டுக்கான அரசு மதிப்பீட்டின்படி, நாட்டில் 25.44 லட்சம் பேர் தொற்றுடன் வாழ்கின்றனர். மாநிலங்களுள் மிகுதியானோர், ஏறத்தாழ 4 லட்சம் பேர், மகாராஷ்டிரத்தில் உள்ளனர். அவ்வாண்டில் புதிதாகத் தொற்று பெற்றோர் ஏறத்தாழ 68,000 பேர். 2010-உடன் ஒப்பிடுகையில் இது 44 விழுக்காடு குறைவு. இக்குறைவில் பெரும்பங்கு, ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் நடந்துகொண்டிருக்கும் உள்ளூர் ஊழியரின் உழைப்பால் விளைந்தது என்பதை மறத்தலாகாது.

நம் இளைஞர்களுக்கு

வெளிநாட்டுத் தொண்டருக்குச் சொன்னவை நம்மவருக்கும் பொருந்தும். ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தொண்டாற்றச் செல்லும் இந்திய இளைஞர், அங்கே அயலாரே. தமிழ்நாட்டிலிருந்து புணேக்குப் படிக்கச் செல்லும் மாணவரும் புத்வார் பேட்டையைப் பொறுத்தவரை அயலாரே. ஆயினும் பிழைப்புக்காகப் புணேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடையே அவருடைய தாய்மொழி ஓர் அரிய கருவியாகும். தம் மொழியும் தம் பழக்கமும் எவரிடம் செல்லுபடியாகுமோ அவரிடம் பணியாற்றுவதே தொண்டின் முதல் இலக்கணம்.

1994 டிசம்பர் முதல் நாள் பாரிஸ் நகரில் கூடிய 42 நாடுகள், தொற்றுடன் வாழ்வோரை இப்பணியில் முழு அளவில் பங்கு பெறச் செய்ய வேண்டும் என்று அறிவித்தன. உதவி பெறுவோராக மட்டும் கருதப்பட்டவர்களை, வழிகாட்டுவோராகக் கண்டது அவ்வறிவிப்பு. புணேயில் சகக் கல்வியாளரும், தொற்றுடன் வாழ்வோர் சங்கங்களும் அதனை நாள்தோறும் நடைமுறைப்படுத்தி வருகின்றனர்.

எனவே தொண்டர்களை ஏற்கும் நிறுவனங்களும் அவற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகளும் சில ஏற்பாடுகளை வற்புறுத்தலாம். தொண்டரின் பணியையும் காலத்தையும் எழுத்தில் வரையறுத்தல். இரகசியம் காக்கும் உறுதிமொழி பெறுதல். களத்துக்குச் செல்லுமுன் நோயைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பயிற்சி அளித்தல். எப்பணியையும் உள்ளூர் ஊழியர் ஒருவரின் தலைமையில் நடத்துதல். தொண்டர் செல்லும் நாளில் அவருடைய பணியை ஏற்க ஒருவரை முன்கூட்டியே ஆயத்தம் செய்தல் என்பன அவை.

மாணவர்களோ கடல் கடக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டமும் செஞ்சுருள் சங்கமும் அருகிலேயே உள்ளன. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை நண்பர் ஒருவருக்குக் கூறுவதும் தடுப்புக் கல்வியே. வெளிநாடு செல்லும் வாய்ப்புக் கிட்டுவோர், அங்கு போய்ச் சேர்ந்ததும் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு. ‘இப்பணியை ஏற்கெனவே செய்து வருபவர் யார்? அவருக்கு நான் எவ்வாறு உதவலாம்?’ இதற்குக் கிடைக்கும் விடையைப் பின்பற்றி நடப்பவர், குறுகிய காலமே தங்கினாலும், தாம் சென்ற ஊருக்குச் சுமையாகாமல் துணையாக விளங்குவர்.